சொல்லாத மொங்கொ

தார்சுன் என் அக்கா வீட்டுக் கூடத்துக்குள் வந்தபோது, மசூதியில் பெருநாள் தொழுகைக்கு விரித்த பாய்களைக்கூடச் சுருட்டியிருக்கமாட்டார்கள். அக்கா கர்சினா அவனை உட்காரச் சொன்னாள். உள்ளே போய்க் கண்ணாடித் தம்ளர் நிறைய தாவெத் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, 'மொங்கொ' என்று சொல்லாமல், எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் ஜாவாப் பக்கத்தில் அந்த ஒரு சொல் இல்லாமல் எந்த விருந்தாளியும் தம்ளரைத் தொடமாட்டான். 'எடுத்துக்கோங்க' என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் தொண்டை காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் அது வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தாக வேண்டும். சரி, வேண்டாம் என்று எழுந்து போகலாமே என்றால் அதுவும் முடியாது. வைத்ததைத் தொடாமல் பெருநாளன்று ஒரு வீட்டைவிட்டு இறங்குவது அந்த வீட்டார் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். மன்னிப்புக் கேட்க வந்தவன் அப்படிப் போனால் கேட்ட மன்னிப்பும் குப்பைக்குத்தான் போகும்.

தார்சுன் கேட்க வந்த மன்னிப்போ சாதாரணமானது இல்லை. அவன் கர்சினாவின் புருஷனைக் கொன்றவன்.

அத்தான் பெயர் குஸ்வாதி. பஞ்சார்நெகாரா சந்தையில் தாவெத் விற்றார். பச்சை நிற அரிசிமாவு நூல், தேங்காய்ப்பால், தென்னஞ்சர்க்கரைப் பாகு, பலாச்சுளை, உடைத்த ஐஸ். குடித்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை, குடிக்காதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊர் தாவெத்காரர் எல்லாரையும் போல அவரும் தோளில் சுமக்கிற காவடியின் இரண்டு பக்கமும் பாவைக்கூத்துக் கோமாளிகள் செமார், காரெங் என்று இரண்டு மரப்பொம்மைகளை நிறுத்தியிருந்தார். அந்த இரண்டு பெயரின் கடைசிப் பாதியையும் ஒட்டிச் சொன்னால் எங்கள் மொழியில் மழை விட்ட காலம் என்று வரும். மழை பெய்தால் தாவெத்தை யார் குடிக்கப் போகிறார்கள்?

தார்சுன் விற்றது ஐஸ் டீ. வாளி வாளியாகக் காய்ச்சி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்கிற அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் தம்ளரில் ஊற்றிக் கொடுப்பான். என்னைக் கேட்டால் அது சாயம் போட்ட சர்க்கரைத் தண்ணீர். ஆனால் சந்தைக்கு வரும் இளசுகள் எல்லாம் அவன் மேசையைத்தான் மொய்த்துக்கொண்டு நிற்கும்.

அன்று வெயில் காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. சந்தையின் அந்தக் கோடியில் ஒழுகாத கூரை ஒன்றே ஒன்று. தார்சுன் தன் மேசையைப் போட்டு அதை முழுசாக அடைத்துக்கொண்டான். அத்தானின் தேங்காய்ப்பால் பானைக்குள் மழைத்தண்ணீர் விழுந்தது. கொஞ்சம் நகரச் சொன்னார். "ஒன் பொம்ம ரெண்டும் தூங்குதா? எழுப்பி மழைய நிறுத்தச் சொல்லேன்" என்றான் தார்சுன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் ஆளைக் கொன்றது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அத்தான் டீ வாளியை எட்டி உதைத்தார். தார்சுன் காரெங் பொம்மையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தான். அத்தான் காவடிக் கம்பை உருவி அவன் தாடையில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் இறைச்சிக்கடை வரைக்கும் கேட்டதாம். அவர் அடுத்த அடிக்குக் கம்பைத் தூக்கும்போது, ஐஸ் பாளத்தை இழுக்கிற இரும்புக் கொக்கியை எடுத்துத் தார்சுன் வீசினான். அது அத்தானின் காதுக்குக் கீழே இறங்கி மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டதை அவன் இழுத்தான். இழுக்காமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஐஸ் டீயும் தேங்காய்ப்பாலும் ரத்தமும் சேர்ந்த சேற்றில் அத்தான் கிடந்தார். உடம்பைக் குளிப்பாட்டும்போது மகன் ருஸ்தி வேறு யாரையும் தலைப்பக்கம் விடவில்லை. பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, அப்பாவின் முடியில் சிக்கியிருந்த பச்சை நூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். அதன் பிறகு தாவெத் அவன் வாயில் பட்டதில்லை. வீட்டில் கர்சினா அதைத்தான் காய்ச்சினாள், அதை விற்றுத்தான் அவனுக்குச் சோறு போட்டாள்.

தார்சுனுக்கு ஏழு வருஷம் போட்டார்கள். நோன்பு மாசம் முடியப்போகிற சமயத்தில் அவன் வெளியே வந்துவிட்டான், பெருநாளன்று மன்னிப்புக் கேட்க வருவான் என்று தெரிந்தது. ருஸ்தி அப்போது சலாக் பழத்தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். சலாக் மட்டையில் இலையைவிட முள் அதிகம். அந்த மட்டைகளைக் கழிக்கிற அரிவாள் அவனிடம் இருந்தது. செய்தி கேட்ட நாளிலிருந்து அவன் அதைத் தீட்ட ஆரம்பித்தான். சமையலறைக்குப் பின்னால் கல்லில் இரும்பு உரசுகிற அந்தச் சத்தம் கேட்டால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அடுத்த வீட்டில் இருந்த எனக்கே அப்படி என்றால் கர்சினாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

பெருநாள் காலை, தொழுகைக்குப் புறப்படும் முன்பு ருஸ்தி எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னான்.

"அவன் வரட்டும். நம்ம கூரைக்குக் கீழ இருக்கறவரைக்கும் விருந்தாளி, தொடமாட்டேன். வச்சதக் குடிச்சிட்டு எறங்கிட்டான்னா விருந்து முடிஞ்சு போச்சு. வேலியத் தாண்டமாட்டான்."

என் புருஷன் மிஸ்கன் சண்டை சச்சரவு என்றால் அடுத்த தெருவுக்குப் போகிற ஆள். அவரே அன்று அரிவாளைப் பிடுங்கப் போனார். ருஸ்தி விடவில்லை. இரண்டு பேரும் இழுத்ததில் மிஸ்கனின் உள்ளங்கை குறுக்காகப் பிளந்துகொண்டது. புதுச் சட்டையெல்லாம் ரத்தம். "சித்தப்பா, ஒங்களுக்கு எதுக்கு இது, ஒங்களுக்கு எதுக்கு" என்று ருஸ்தி தேம்பித் தேம்பி அழுதான். அழுதானே தவிர, அரிவாளைக் கீழே வைக்கவில்லை. நான் அவருடைய கையைப் பழந்துணியால் இறுகக் கட்டினேன். துணி நனைந்து நனைந்து, மாற்றி மாற்றிக் கட்டவேண்டியிருந்தது.

கர்சினா மகனின் காலைப் பிடிக்கக் குனிந்தாள். அவன் நகர்ந்துகொண்டான். ருஸ்தி அரிவாளோடு காத்திருக்கிறான், வராதே என்று தார்சுனுக்குச் சொல்லி அனுப்பினோம். முதலில் மிதிக்கிற வாசல் அதுதான் என்று பதில் வந்தது. போலீஸ்காரரைக் கூப்பிடலாம் என்றால் அவர் பெருநாள் லீவில் மாமியார் ஊருக்குப் போயிருந்தார். புருஷன் மண்ணுக்குள் போய்விட்டான். இனி மகனும் கொலைகாரனாகி ஜெயிலுக்குப் போனால் அந்த வீட்டில் அவளும் நாலு சுவரும்தான். அதுதான் அவளுக்கு இருந்த ஒரே பயம். தார்சுன் செத்தால் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கமாட்டாள். நானும்தான்.

அவன் வந்தான். பெரிய பட்டிக் சட்டை, அது அவன் ஜெயிலுக்குப் போகும் முன் தைத்தது போல, உள்ளே ஆள் இல்லாத மாதிரி தொங்கியது. வாசலிலிருந்தே முழங்காலால் நகர்ந்து வந்து கர்சினாவின் பாதத்தில் தலையை வைத்தான். உள்ளும் புறமும் செய்த தப்பையெல்லாம் மன்னிக்க வேண்டும் என்று அன்று ஊரே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிற வாசகத்தையே அவனும் சொன்னான். தாடை ஒட்டவைத்த இடத்தில் கோணியிருந்ததால் பாதிச் சொல் வழுக்கி விழுந்தது. கர்சினா மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து உட்கார் என்றாள். தம்ளர் அப்போதுதான் வந்தது.

அப்புறம் பெருநாள் கூட்டம் வர ஆரம்பித்தது. வந்தவர்கள் எல்லாரும் கூடத்தில் தார்சுனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்கள். திரும்பிப் போகவும் முடியாமல், உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். நான் சமையலறையில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றினேன். சின்னவர்களுக்குச் சிவப்பு சிரப் போட்ட ஐஸ் தண்ணீர், வயசானவர்களுக்கு இஞ்சி தட்டிப்போட்ட சுடுபானம், டீ கேட்டவர்களுக்குத் திட்டமாகச் சர்க்கரை போட்டுச் சூடான கெட்டி டீ. கர்சினா ஒவ்வொருவர் முன்னாலும் வைத்து, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, 'மொங்கொ' என்று சொன்னாள். எல்லாரும் குடித்தார்கள். தார்சுன் தம்ளரில் ஐஸ் கரைந்து, தேங்காய்ப்பால் மேலே மிதந்து, பாகு அடியில் படிந்தது. ஓர் எறும்பு விளிம்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கும்மாளமே போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரைக் கூட்டிவைத்து இப்படி ஒருத்தனை அவமானப்படுத்த எங்கள் கர்சினாவுக்குத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை. வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வெளியே போய்ச் செருப்பு மாட்டும்போது குசுகுசு என்று பேசிக்கொண்டார்கள். செவிட்டில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலிக்காது என்று ஒருத்தி சொன்னாள்.

தெருத் தலைவர் சன்விர்யாவுக்கு மட்டும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மனுஷன் எந்த வீட்டுக்குப் போனாலும் பஞ்சாயத்து பண்ணாமல் திரும்பமாட்டார். சிரப்பை உறிஞ்சி முடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெருநாளும் அதுவுமாக மனசைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தார். பிறகு தானே தார்சுன் பக்கம் திரும்பிக் கையை நீட்டி, "மொங்கொ, மொங்கொ" என்றார்.

கர்சினா அவரைப் பார்த்தாள். "இது எப்பத்துலேருந்து ஒங்க வீடு ஆச்சு?" என்றாள்.

இரண்டாவது தம்ளர் கேட்காமல் எழுந்து போனது அவர் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

நான் அந்தச் சந்தோஷத்தோடு சமையலறை ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தேன். வேலியோரம் மூங்கில் புதருக்குப் பின்னால் ருஸ்தி குந்தியிருந்தான். பெருநாள் சட்டை, பெருநாள் தொப்பி, தொடைமேல் அரிவாள். அங்கேயிருந்து முன்வாசலும் தெரியும், சமையலறைக் கதவும் தெரியும். எவ்வளவு நேரமாக அப்படியே இருக்கிறானோ தெரியாது. அந்தத் தம்ளர் காலியாவதற்காகக் காத்திருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா தார்சுனை அவமானப்படுத்தவில்லை. அவள் அவனைக் கட்டிப்போட்டிருக்கிறாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து விழாதவரை தார்சுன் விருந்தாளி, விருந்தாளியாக இருக்கிறவரை மகன் கையில் ரத்தம் இல்லை.

ஓலைப்பொதியில் வேகவைத்த கெதுபத் சோறு எடுக்கக் கர்சினா உள்ளே வந்தபோது அவள் கையைப் பிடித்தேன். இது எவ்வளவு நேரத்துக்கு ஓடும் என்று கேட்டேன்.

"தெரியல. அவன் கோவம் ஓயறவரைக்கும்."

"ஓயலன்னா?"

"அப்ப சாயங்காலமும் சொல்லமாட்டேன். ராத்திரியும் சொல்லமாட்டேன். அவன் இங்கயே ஒக்காந்து கெடக்கட்டும், நானும் ஒக்காந்து கெடக்கறேன். நீ பாக ஏத்தி வையி, தாவெத் தீந்துபோச்சு."

நான் பெரிய பானையில் தென்னஞ்சர்க்கரையை உடைத்துப்போட்டு, ரம்பை இலை இரண்டு முடிந்துபோட்டு அடுப்பில் ஏற்றினேன். கர்சினா தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், எதிர் நாற்காலியில் பழையபடி உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தார்சுனின் அண்ணன் மகன், ஜுமாதி என்று ஒருத்தன், முரட்டு ஆள், லாரி ஓட்டுகிறவன். சித்தப்பாவை இந்த வீட்டில் உட்காரவைத்து அசிங்கப்படுத்துகிறார்கள் என்று ஊரில் யாரோ கொளுத்திப்போட்டிருக்கிறார்கள். வண்டியை வேலியோரம் சாய்த்துவிட்டு வாசலிலிருந்தே கத்தினான். வாங்க போகலாம், ஒரு தம்ளர் தண்ணிக்கு நாய் மாதிரி காத்துக் கிடக்கணும்னு என்ன தலையெழுத்து என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கொலைகாரன் என்று இவர்கள் சொல்கிறார்கள், முதலில் கம்பை எடுத்தது யாராம், தாவெத்காரன் ஒழுங்காக இருந்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பான் என்று அவன் சேர்த்துச் சொன்னான்.

மூங்கில் புதரிலிருந்து ருஸ்தி வெளியே வந்ததை நான் ஜன்னலில் பார்த்தேன். அரிவாளை அங்கேயே மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு வெறும் கையோடு வந்தான். அது தார்சுனுக்கென்று வைத்தது போல. ஜுமாதி திரும்புவதற்குள் முகத்தில் ஒரு குத்து. விழுந்தவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி அவன் வண்டியின் ஹாண்டில்பாரிலேயே மோதினான். மறுபடியும் மோதினான். பல் உடைந்து சட்டையில் சிதறியது. ஜுமாதி உடம்பில் ருஸ்தியைவிட இரண்டு மடங்கு. அவன் எழுந்து ருஸ்தியின் விலாவில் உதைத்தான், இரண்டு பேரும் கட்டிப் புரண்டு சாக்கடையில் விழுந்தார்கள். மேலே வந்தது ருஸ்திதான். அவன் முழங்காலை ஜுமாதியின் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, முகத்திலேயே குத்தினான், குத்தினான். எதிராளி கை ஓய்ந்து மண்ணில் விழுந்த பிறகும் குத்தினான். மிஸ்கன் கட்டுப்போட்ட கையோடு ஓடிப்போய்ப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததால் ஜுமாதி அன்று உயிரோடு வீடு போனான்.

உள்ளே தார்சுன் எழுந்துவிட்டான். வெளியே தன் அண்ணன் மகன் அலறுவது அவனுக்குக் கேட்டது. கூடத்தில் மிச்சமிருந்த இரண்டு மூன்று பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"ஒக்காரு. நீ இன்னும் குடிக்கல" என்றாள் கர்சினா.

"அக்கா, என்ன விட்டுருங்க. வெளிய யாரு நிக்கறான்னு எனக்குத் தெரியும். சொல்லித்தான் அனுப்பிச்சீங்களே. நான் அதுக்குத்தான் வந்தேன்." கோணின தாடையோடு அவன் தெளிவாகப் பேசினது அந்த ஒரு தடவைதான். "நீங்க அந்த ஒரு வார்த்த சொல்லுங்க, நான் குடிச்சிட்டுப் போறேன். எனக்கும் தூங்கணும், அக்கா. ஏழு வருஷமாத் தூங்கல."

"ஒன் தூக்கத்துக்கு எம் புள்ளையக் கேக்கறியா?" கர்சினா எழுந்து அவன் முகத்துக்கு நேராக வந்தாள். "ஒன் உயிரு யாருக்கு வேணும்? அத நாய் தின்னாலும் எனக்கு ஒண்ணுமில்ல. எம் புருஷன எடுத்துக்கிட்டது போதாதுன்னு, இப்ப எம் மகனையும் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்க. ஒக்காருடா."

அவன் உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில் சமையலறைக் கதவு திறந்தது. ருஸ்தி வந்தான். புதுச் சட்டையின் முன்பக்கம் முழுக்க ஜுமாதியின் ரத்தம், சாக்கடைச் சேறு, கிழிந்த உதடு. புதரிலிருந்து எடுத்துவந்த அரிவாளை நிலைப்படியில் சாய்த்து வைத்தான், விருந்தாளி இருக்கிற அறைக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது என்ற நிதானம் அந்த வெறியிலும் அவனுக்கு இருந்தது. தொட்டியில் கையைக் கழுவினான். நான் குறுக்கே நின்றேன். மெதுவாக என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டுக் கூடத்துக்குப் போனான்.

அம்மாவைப் பார்க்கவே இல்லை. தார்சுனுக்கு எதிரில் போய் நின்றான். குனிந்து, வலது கைக் கட்டைவிரலை மரியாதையாகத் தம்ளர் பக்கம் நீட்டி, பெரியவர்களிடம் பேசுகிற மேல்தட்டு ஜாவா மொழியில், குரலில் ஒரு பிசிறு இல்லாமல் சொன்னான்.

"மொங்கொ."

கர்சினாவால் என்ன சொல்ல முடியும்? தெருத் தலைவருக்கு அது அவர் வீடு இல்லை. ருஸ்திக்கு அது அவன் வீடு. அப்பா இல்லாத வீட்டில் மகன் சொன்னால் அந்தச் சொல் செல்லும். காலையிலிருந்து அவள் பல்லைக் கடித்துப் பிடித்து வைத்திருந்ததை அவன் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டான். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு அவன் இன்னும் சீருடை போட்ட பையன்.

தார்சுன் தம்ளரை எடுத்தான். எறும்போடு, கரைந்த ஐஸோடு, திரிந்துபோன தேங்காய்ப்பாலோடு, ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் குடித்தான். பச்சை நூல் ஒன்று கோணின உதட்டோரம் ஒட்டிக்கொண்டது. ருஸ்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தார்சுன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, எல்லாருக்கும் பொதுவாகக் கைகுவித்து, வாசல் பக்கம் நடந்தான். அவன் நடை அவசரப்படவில்லை.

ருஸ்தி திரும்பி வேகமாகச் சமையலறைக்குள் வந்தான். அவனுக்குப் பின்னால் கர்சினா.

"ருஸ்தி, வேணாம். வச்சிரு."

"தள்ளிப் போம்மா."

அவன் குனிந்து அரிவாளின் பிடியைப் பற்றினான். கர்சினா அடுப்பைப் பார்த்தாள். பாகு கொதித்துக் கெட்டியாகி, மேலே குமிழ் குமிழாக வெடித்துக்கொண்டிருந்தது. அவள் பிடிதுணிகூட எடுக்கவில்லை. வெறும் கையால் பானையின் காதைப் பிடித்துத் தூக்கினாள். அவள் உள்ளங்கை பொசுங்கியது எனக்கு மூக்கில் அடித்தது. நான் கத்துவதற்குள் முழுப் பானையையும் அவன் வலது கையில் சாய்த்தாள்.

தண்ணீர் என்றால் வழிந்து போயிருக்கும். பாகு வழியாது, பிடித்துக்கொள்ளும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் கரேலென்று ஒட்டிக்கொண்டு உள்ளே வெந்துகொண்டே போனது. அரிவாள் எங்கேயோ விழுந்தது. அவன் போட்ட சத்தத்தை மனுஷச் சத்தம் என்று சொல்லமாட்டேன். இடது கையால் அதைப் பிய்த்து எடுக்கப் பார்த்தான், தோல்தான் வந்தது. சுவரில் மோதினான், என் இஞ்சிக் குவளைகள் எல்லாம் சரிந்து உடைந்தன, அதன் மேலேயே விழுந்து புரண்டான். நான் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றினேன். கர்சினா அவன் மேல் படுத்து அவன் தலையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அவன் அவள் தோளைக் கடித்தான். ரத்தம் வந்த பிறகும் அவள் விடவில்லை.

சத்தம் கேட்டுத் தார்சுன் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடிவந்து சமையலறை வாசலில் நின்றான். வெள்ளைக் காகிதம் மாதிரி முகம். உதவிக்கு என்று ஒரு காலை உள்ளே வைத்தான்.

கர்சினா தலையைத் தூக்கினாள். "போ. வேலில யாரும் இல்ல இப்ப. நான் ஒன்ன மன்னிக்கல, இந்த ஜென்மத்துல மன்னிக்கமாட்டேன். எங்கயாவது போயி உயிரோட இரு."

அவன் போனான். வேலியைத் தாண்டி, ஜுமாதியின் ரத்தம் கிடந்த இடத்தைத் தாண்டி, ரோட்டில் நடந்து போனதை மிஸ்கன் பார்த்தார். இப்போது வோனோசோபோ பக்கம் எங்கேயோ மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறானாம். யாரிடமும் நாங்கள் விசாரிப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் பானை தவறி விழுந்தது என்று சொன்னோம். இரண்டு பேருடைய கையையும் பார்த்த நர்ஸ் நம்பவில்லை, ஆனால் எழுதிக்கொண்டாள். ருஸ்தியின் வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்து ஒட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடி ஒட்டிக்கொண்டன. அரிவாள் பிடிக்க முடியாது, சோறு பிசைய முடியாது. சலாக் தோட்டத்தில் இப்போது காவலுக்கு உட்கார்கிறான். காலையில் போகிறான், சாயங்காலம் வருகிறான். அன்றிலிருந்து அம்மாவோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. அவள் தட்டை வைத்தால் இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தலைகுனிந்து சாப்பிடுகிறான். அவள் அறைக்குள் வந்தால் எழுந்து வெளியே போகிறான்.

எனக்கு ஆறவில்லை. சொந்தப் பிள்ளையை வேகவைத்தவள் என்று ஊர் பேசும்போது நான் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போவேன். ஆனால் படுத்த பிறகு அவனுடைய அந்தச் சத்தம் காதில் வரும், அப்போது அக்கா மேலேயே ஆத்திரம் பொங்கும். வேறு வழி இருந்திருக்காதா, கதவைத் தாழ் போட்டிருக்கக் கூடாதா, காலைக் கட்டிக்கொண்டு புரண்டிருக்கக் கூடாதா என்று தோன்றும். ஒரு நாள் தாங்கமுடியாமல் அவளிடமே கேட்டுவிட்டேன். இனிமேல் அவன் உன்னோடு பேசவே மாட்டானே, இதுக்கா இவ்வளவும் என்றேன்.

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுடைய கையும் சரியாக மடங்குவதில்லை, துருவலில் பாதி கீழே விழும். முன்வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ருஸ்தி வந்து செருப்பைக் கழற்றினான், எங்களைப் பார்க்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கர்சினா அந்தச் சாத்தின கதவைப் பார்த்தாள்.

"பேசலன்னா என்னடி. வீட்டுக்கு வந்துட்டான்ல."